முழு செட் என்ன விலை?

“யார் உன் கழுத்தில் கத்தி வைத்து வாங்கச் சொன்னது?” டிஜிட்டல் கார்டு விளையாட்டுகளில் ஒரு செட்டை முழுசாகச் சேர்க்க ஆகும் செலவைப் பற்றி வாயைத் திறந்தால் முதலில் வந்து விழுவது இந்தக் கேள்விதான். அடுத்து வருபவையும் ஏறக்குறைய மனப்பாடம். விளையாட்டே இலவசம்தானே? முழு செட் யாருக்கு வேண்டும், நல்லதாக ஒன்றிரண்டு டெக் இருந்தால் போதாதா? பொறுமை இருந்தால் பைசா செலவில்லாமல் சேர்க்கலாமே? காகிதக் கார்டு மட்டும் சும்மாவா கிடைக்கிறது? எந்தக் கார்டு வர எவ்வளவு வாய்ப்பு என்று எழுதியே போட்டிருக்கிறார்கள், இன்னும் என்ன வேண்டும்? கம்பெனிக்காரனும் பிழைக்க வேண்டாமா?

இதையெல்லாம் கம்பெனியின் விளம்பரத் துறை சொன்னால் பரவாயில்லை. சொல்பவர்கள் பெரும்பாலும் விளையாடுகிறவர்களே. அதனால்தான் இது அசைக்க முடியாத பொதுக்கருத்தாக உட்கார்ந்துவிட்டது. செலவைக் கணக்குப் பார்க்கிறவன் கஞ்சன், இல்லாவிட்டால் ஆசையை அடக்கத் தெரியாதவன் என்று முத்திரை விழுகிறது. விலை அதிகம் என்பது என் புகாரே இல்லை. அதிக விலைக்கு விற்க அவர்களுக்கு உரிமை உண்டு, வாங்காமல் நடையைக் கட்ட எனக்கும் உரிமை உண்டு. ஆனால் அந்த விலை எவ்வளவு? கடைப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை உருட்டிப் பாருங்கள். 2 பாக்கெட் இவ்வளவு, 60 பாக்கெட் இவ்வளவு என்று இருக்கும். செட்டுக்கு மட்டும் விலை இருக்காது. மேலே சொன்ன வாதங்கள் அத்தனையும் அந்த ஒரு எண்ணைக் கேட்க விடாமல் தடுக்கும் வேலையைத்தான் பார்க்கின்றன.

அவர்கள் போடாத கணக்கை நாமே போடுவோம். பிளிஸார்ட் நிறுவனம் 2014 மார்ச்சில் வெளியிட்ட ஹார்த்ஸ்டோனை எடுத்துக்கொள்ளலாம். பின்னால் வந்த பல விளையாட்டுகளுக்கு அச்சு வார்த்துக் கொடுத்தது அதுதான். பிரிக்கும்வரை உள்ளே எது என்று தெரியாத ஒரு பாக்கெட்டில் 5 கார்டு, அதில் ஒன்றாவது ரேர் தரமோ அதற்கு மேலோ இருக்கும். தரம் நான்கு: காமன், ரேர், எபிக், லெஜெண்டரி. ஆட்டத்துக்குக் கொண்டுபோகும் கார்டுக் கட்டான டெக்கில் ஒரே கார்டை இரண்டு முறை வைக்கலாம், லெஜெண்டரியை மட்டும் ஒரே முறை. 2017 ஏப்ரலில் வந்த ‘ஜர்னி டு உன்கோரோ’ செட்டில் 135 வகைக் கார்டுகள்: 49 காமன், 36 ரேர், 27 எபிக், 23 லெஜெண்டரி. இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்த்தால் செட் நிறைய 247 கார்டு வேண்டும்.

எது எவ்வளவு அரிதாக வரும் என்பதைப் பல காலம் யாரும் சொல்லவில்லை. 2017 மே மாதத்திலிருந்து வாய்ப்பு விகிதத்தை வெளியிட்டாக வேண்டும் என்று சீன அரசு உத்தரவு போட்ட பிறகு வெளிவந்த கணக்கு இது: சராசரியாக 5 பாக்கெட்டுக்கு ஓர் எபிக், 20 பாக்கெட்டுக்கு ஒரு லெஜெண்டரி.

கேட்பதற்கு ஒன்றும் பயங்கரமாக இல்லை. 20 பாக்கெட்டுக்கு ஒன்று என்றால் 23 லெஜெண்டரிக்கு 460 பாக்கெட் என்று மனம் பெருக்கிக்கொள்கிறது. சறுக்கல் அங்கேதான். வருகிற ஒவ்வொரு லெஜெண்டரியும் புதிதாக இருந்தால்தான் அந்தப் பெருக்கல் சரி. எல்லாம் கலந்து வரும்போது 22-ஐச் சேர்த்துவிட்டு மிச்சமுள்ள ஒன்றுக்காகக் காத்திருப்பவனுக்கு, வரும் 23 லெஜெண்டரியில் ஒன்றுதான் சராசரியாக அவன் தேடுவது. அந்தக் கடைசி ஒன்றுக்கு மட்டும் 460 பாக்கெட். மொத்த 23-ம் சேர 86 லெஜெண்டரி வந்தாக வேண்டும். 1,700 பாக்கெட்டைத் தாண்டும். இந்தச் செலவு வால் பக்கம்தான் வீங்கும். ஆரம்பத்தில் எந்தப் பாக்கெட்டைப் பிரித்தாலும் புதுக் கார்டு வந்துகொண்டே இருக்கும், கை நிறைந்த மாதிரி இருக்கும். பாதியைத் தாண்டியவனுக்குத்தான் பாதை செங்குத்தாகிறது.

அப்படி யாரும் சேர்ப்பதில்லை, தூள் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. மிகுதிக் கார்டுகளை உடைத்தால் தூள் கிடைக்கும், தூளைக் கொடுத்து வேண்டிய கார்டை உருவாக்கலாம். ஒரு லெஜெண்டரியை உருவாக்க 1,600 தூள். அதே கார்டை உடைத்தால் 400. காமன் கார்டை உருவாக்க 40, உடைத்தால் 5. நாலில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு. எந்த அடகுக்கடையும் இந்த விகிதத்தைச் சொல்லக் கூச்சப்படும்.

2020 மார்ச்சில் ஒரு நல்ல விதி வந்தது. ஒரு தரத்தில் உள்ள எல்லாக் கார்டும் கைக்கு வரும்வரை அதே தரத்தில் தேவைக்கு மேல் பிரதி வராது. கம்பெனிக்குச் சாதகமாகவே கணக்கு போடுவோம் என்று அந்த விதியை உன்கோரோ செட்டின் மேல் வைத்துப் பார்க்கிறேன். 300 பாக்கெட் பிரித்தால் 1,500 கார்டு. அதில் 15 லெஜெண்டரி, 60 எபிக், குறைந்தது 300 அளவில் ரேர், மீதி காமன். எபிக் நிறைந்துவிடும், ரேர், காமன் எல்லாம் வழிந்து ஓடும். 8 லெஜெண்டரி குறையும்; அவற்றை உருவாக்க 12,800 தூள். மிகுதியான ஆயிரத்துச் சொச்சம் காமன்களையும் இருநூற்றுச் சொச்சம் ரேர்களையும் உடைத்தால் பத்தாயிரத்தைக் கொஞ்சம் தாண்டும். நடுநடுவே வந்த தங்க முலாம் கார்டுகளையும் உடைத்தால் ஏறக்குறைய சரிக்கட்டலாம். ஆக, சுமார் 300 பாக்கெட். 60 பாக்கெட்டின் விலை 69.99 டாலர் என்ற கணக்கில் 350 டாலர். ஏறக்குறைய 30,000 ரூபாய். ஆண்டுக்கு மூன்று செட் வருவது வழக்கம். மூன்றையும் காசு கொடுத்தே முடிப்பவனுக்கு 1,000 டாலருக்கு மேல். முன்பதிவுச் சலுகைகள், இலவசப் பாக்கெட்டுகள் எல்லாம் கழித்தாலும் தொகை குறையுமே தவிர அதன் தன்மை மாறாது.

இந்த 350 என்ற எண்ணைக் கண்டுபிடிக்க எனக்கு வேண்டியிருந்தது ஒரு பேனாவும் கொஞ்சம் பள்ளிக்கூடக் கணக்கும்தான். கம்பெனியிடம் கோடிக்கணக்கான பாக்கெட் திறப்புகளின் பதிவே இருக்கிறது. தெரியாததால் சொல்லாமல் இருக்கவில்லை.

சரி, முழு செட் யாருக்கும் வேண்டாம் என்ற வாதத்துக்கு வருவோம். இதுதான் இருப்பதிலேயே செல்வாக்கானது, நியாயமானது போலவும் தெரிவது. நாலு கார்டு இல்லாவிட்டாலும் ஆட்டம் ஓடும், உண்மை. ஆனால் இந்த வகை விளையாட்டின் பாதி சுவை ஆட்ட மேசையில் இல்லை. ஆயிரக்கணக்கான கார்டுகளிலிருந்து 30-ஐப் பொறுக்கி டெக் கட்டுவதில் இருக்கிறது. இதை அதோடு சேர்த்தால் என்ன ஆகும், அதற்குப் பதில் இதை வைத்தால் என்ன என்று யோசித்து, வைத்துப் பார்த்து, தோற்று, மாற்றி வைப்பது. ஒன்றிரண்டு டெக்குக்கான கார்டு மட்டும் உள்ளவனுக்கு அந்தச் சுவை கிடையாது. வேறு எவனோ கட்டிக் கொடுத்த டெக்கைப் பிரதி எடுத்து, அதிலேயே தூள் முழுவதையும் கொட்டி, அடுத்த செட் வரும்வரை அதையே ஓட்டுவான். பரிசோதனைக்குத் தைரியம் வராது. தவறான கார்டை உருவாக்கிவிட்டால் போன தூளில் நாலில் மூன்று பங்கு திரும்பாது.

அந்த ஒரு டெக்காவது நிலைக்கிறதா? ஒரு கார்டு அளவுக்கு மீறி ஜெயித்துக் கொடுத்தால் கம்பெனி அதன் பலத்தைக் குறைக்கும். செய்ய வேண்டியதுதான். அப்படிக் குறைத்தால் குறிப்பிட்ட நாட்களுக்கு அந்தக் கார்டை உடைப்பவர்களுக்கு முழுத் தூளும் திரும்பக் கிடைக்கும். தாராளம்தான். ஆனால் அந்த ஒரு கார்டை நம்பி உருவாக்கிய மற்ற லெஜெண்டரிகளுக்கு அந்தச் சலுகை இல்லை. தூண் சரிந்ததற்கு இழப்பீடு உண்டு, அது தாங்கி நின்ற கூரைக்குக் கிடையாது. 2016-இல் ஸ்டாண்டர்ட் முறை வந்ததிலிருந்து இன்னொன்றும் சேர்ந்தது: செட்டுகள் ஏறக்குறைய இரண்டு ஆண்டில் முக்கியப் போட்டி முறையிலிருந்து விலகிவிடும். “பொறுமையாகச் சேர்” என்று அறிவுரை சொல்பவர்கள் இந்தக் கெடுவை மட்டும் சொல்ல மறந்துவிடுவார்கள்.

முழு செட் யாருக்கும் வேண்டாம் என்று விற்பவர்களே நம்பவில்லை என்பதற்கு 2024 அக்டோபர் இறுதியில் வந்த ‘போகிமான் டிசிஜி பாக்கெட்’ கைபேசி விளையாட்டே சாட்சி. அதன் முதல் செட்டில் ஒரு ரகசியப் பணி உண்டு: அந்தச் செட்டிலுள்ள ஆதி 150 போகிமான்களையும் சேர்த்து முடித்தால் மியூ கார்டு கிடைக்கும். அந்தக் கார்டு வேறு எப்படியும் கிடைக்காது. விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவர் ஜப்பானின் டிஎன்ஏ நிறுவனம். இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2012-இல் ஜப்பானின் கைபேசி விளையாட்டுகளில் கொடிகட்டிப் பறந்தது ‘கம்ப்ளீட் காச்சா’. காசு போட்டுச் சுழற்றினால் ஒரு கார்டு விழும். குறிப்பிட்ட சில கார்டுகளை ஒன்று விடாமல் சேர்த்துவிட்டால், எங்கும் வாங்க முடியாத ஓர் அரிய பரிசு. முதல் சில கார்டுகள் மளமளவென்று விழும், கடைசி ஒன்று மட்டும் விழவே விழாது. பிள்ளைகள் பெற்றோரின் கணக்கில் ஏற்றிவைத்த தொகைகள் புகார்களாக வந்து குவிந்தன. அந்த மே மாதம் அரசு நடவடிக்கை எடுக்கப்போகிறது என்று செய்தி வந்த அடுத்த வர்த்தக நாளில், அந்த விளையாட்டுகளை நடத்திய கிரீ, டிஎன்ஏ இரண்டின் பங்குகளும் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்தன. நுகர்வோர் விவகார முகமை அந்த முறை சட்டவிரோதம் என்று அறிவித்தது. ஜூலை முதல் நடைமுறைக்கும் வந்தது.

அவர்கள் கையில் எடுத்தது சூதாட்டச் சட்டத்தை அல்ல. பரிசுப் பொருள் கொடுத்து வியாபாரம் செய்வதையும் தவறான விளம்பரத்தையும் கட்டுப்படுத்தும் 1962-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தின் கீழ், படக் கார்டுகளைப் பொருத்திச் சேர்த்தால் பரிசு என்ற வியாபார முறைக்கு முன்பே தடை இருந்தது. காரணமும் எளிமையானது. செட்டைச் சேர்ப்பவனுக்குத் தான் பாதி வழி வந்துவிட்டதாகத் தோன்றும். செலவில் பாதிகூட ஆகியிருக்காது. 5-இல் 4 கிடைத்தவனால் மிச்சச் செலவைச் சரியாக மதிப்பிடவே முடியாது, அந்த முறையே ஏமாற்றுவதற்குத் தோதானது என்று ஜப்பான்காரர்கள் முடிவுகட்டினார்கள். மேலே நாம் பார்த்த 23-வது லெஜெண்டரியின் கதையேதான். போகிமான் விளையாட்டின் மியூவும் அதுவும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அந்த 150-ஐ இலவசப் பாக்கெட்டிலேயே சேர்க்கலாம், பாயிண்ட் கொடுத்தும் எடுக்கலாம். ஆனால் பன்னிரண்டு ஆண்டு கழித்தும் கடைசி ஒரு கார்டின் இழுவிசை எவ்வளவு என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். விளையாடுகிறவர்கள்தான் “முழு செட் யாருக்கு வேண்டும்” என்கிறார்கள்.

இலவசம் என்ற வாதத்தில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. ஹார்த்ஸ்டோனின் முதல் ஆறேழு ஆண்டுகளில் 3 ஆட்டம் ஜெயித்தால் 10 தங்கம். ஒரு பாக்கெட் 100 தங்கம். அதாவது ஒரு பாக்கெட்டுக்கு 30 வெற்றி. எதிராளி சமமானவன் என்றால் 60 ஆட்டம். ஆட்டத்துக்கு 8 நிமிடம் என்று குறைத்தே வைத்தாலும் 8 மணி நேரம், ஒரு முழு நாள் வேலை. தினசரிப் பணிகளை முடித்துக் கூடுதலாக நாளுக்கு 60 தங்கம் வாங்கினாலும் அடுத்த செட் வருவதற்குள் உள்ள நான்கு மாதத்தில் 72 பாக்கெட். வேண்டியது 300. பின்னாளில் இந்த முறையை மாற்றி வெகுமதிப் பாதை என்று ஒன்று கொண்டுவந்தார்கள், இடைவெளி அடைபடவில்லை. அடைபட்டால் கடையை மூட வேண்டியதுதான். இலவசமாக விளையாடலாம் என்பது உண்மை, இலவசமாகச் சேர்க்கலாம் என்பது காலண்டர் பார்க்காமல் பேசும் பேச்சு.

காகிதக் கார்டு மட்டும் மலிவா என்று கேட்கிறார்கள். இல்லை. 2018 உலகக் கோப்பைக்கான பனினி ஸ்டிக்கர் ஆல்பத்தில் 682 ஸ்டிக்கர்கள். யாரோடும் மாற்றிக்கொள்ளாமல் கடையில் வாங்கியே நிரப்பினால் சராசரியாக 773 பவுண்டு ஆகும் என்று கார்டிஃப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் பால் ஹார்ப்பர் கணக்குப் போட்டுச் சொன்னார். ஆனால் யார் அப்படி நிரப்புகிறார்கள்? பள்ளி மைதானத்தில் “என்னிடம் இது ரெண்டு இருக்கு, உன்னிடம்?” என்று ஆரம்பித்தாலே அந்தத் தொகை மடமடவென்று இறங்கும். விடுபட்டவற்றைக் குறிப்பிட்ட எண்ணிக்கை வரை பனினியிடமே நேரடியாகவும் வாங்கலாம். மேஜிக் என்ற காகிதக் கார்டு விளையாட்டை ஆடுகிறவர்கள் வேண்டிய ஒற்றைக் கார்டைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அலுத்துவிட்டால் விற்றுவிட்டுப் போகிறார்கள். 2002-இல் வந்த மேஜிக் ஆன்லைனில், டிஜிட்டல் செட்டை முழுசாகச் சேர்த்தவர்கள் ஒரு கட்டணம் செலுத்தி அதைக் காகித செட்டாகவே மாற்றிக்கொள்ளும் வசதி பல ஆண்டுகள் இருந்தது. காகிதத்தில் பாக்கெட் ஒரு சூதாட்டம்தான், ஆனால் அதற்குப் பக்கத்திலேயே ஒரு சந்தை இருக்கிறது. சந்தை இருந்தால் செட்டுக்கு விலை இருக்கும், யாரும் பார்க்கலாம்.

டிஜிட்டலில் இந்தச் சந்தையை முழுக்கத் திறந்துவிட்ட பெரிய விளையாட்டு வால்வ் நிறுவனம் 2018 நவம்பரில் வெளியிட்ட ஆர்ட்டிஃபாக்ட். வடிவமைத்தவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட். 1993-இல் மேஜிக்கை உருவாக்கி, பாக்கெட்டில் கார்டு விற்கும் விளையாட்டு வகைக்கே தந்தையானவர். ஆக்ஸ் என்ற ஒரு கார்டின் விலை ஆரம்ப நாட்களில் விளையாட்டின் விலையான 20 டாலரையே எட்டியது. எல்லாரும் கொதித்தார்கள். பிறகு விலைகள் விழுந்தன, விளையாட்டும் விழுந்தது. 2021 மார்ச்சில் வால்வ் கைகழுவியது. இதிலிருந்து மற்றவர்கள் கற்ற பாடம் சந்தை கூடாது என்பது. எனக்குத் தோன்றுவது வேறு. ஆர்ட்டிஃபாக்டின் முழு செட் ஹார்த்ஸ்டோன் செட்டைவிட மலிவாகவே முடிந்திருக்கும். ஆனால் அங்கே விலை கண்ணுக்குத் தெரிந்தது, ஆகவே திட்டு வாங்கியது. தெரியாத விலையைத் திட்ட முடியாது.

மாற்றிக்கொள்ளும் வழியையே அடைத்துவிட்டு, அந்த இடத்தில் எட்டில் ஒரு பங்கு தூளை வைத்த பிறகு “காகிதத்திலும் இப்படித்தானே” என்பது என்ன நியாயம்? போகிமான் விளையாட்டில் 2025 ஜனவரி இறுதியில் பரிமாற்றம் வந்தபோது நடந்த கூத்தைப் பாருங்கள். நண்பனுக்கு ‘எக்ஸ்’ என்ற அரிய வகைக் கார்டு ஒன்றைக் கொடுக்க 500 டோக்கன். டோக்கன் எங்கே கிடைக்கும்? உங்களிடம் மிகுதியாக உள்ள கார்டுகளை அழித்தால் கிடைக்கும். ஓர் எக்ஸ் கார்டை அழித்தால் 125. ஒன்றைக் கொடுக்க நாலை எரிக்க வேண்டும்! விளையாடுகிறவர்கள் போட்ட கூச்சலில் சில மாதங்களில் அந்த டோக்கன் முறையே எடுக்கப்பட்டது. கூச்சல் போட்டால் நடக்கிறது என்பதையும் இங்கே குறித்துவைக்கலாம்.

சேர்த்து முடித்தாலும் அது உங்களுடையதா என்பது இன்னொரு வயிற்றெரிச்சல். சீனாவில் பிளிஸார்டுக்கும் அங்குள்ள பங்காளி நெட்ஈஸுக்கும் ஒப்பந்தம் முறிந்து 2023 ஜனவரி 23-இல் ஹார்த்ஸ்டோன் அணைக்கப்பட்டது. அங்கே அது திரும்ப வந்தது 2024 செப்டம்பரில். அதுவரை பல லட்சம் பேரின் செட்டுகள் எங்கோ ஒரு சர்வரில் பூட்டிக் கிடந்தன. எல்டர் ஸ்க்ரோல்ஸ்: லெஜெண்ட்ஸ் என்ற இன்னொரு டிஜிட்டல் கார்டு விளையாட்டு 2025 ஜனவரியில் மூடப்பட்டது, அது திரும்பவும் வரவில்லை. காகிதக் கார்டைக் கரையான்தான் அரிக்கும்.

வாய்ப்பு விகிதம்தான் வெளியிடப்பட்டுவிட்டதே என்ற வாதம் படித்தவர்களுடையது. 2017 டிசம்பரிலிருந்து ஆப்பிள் தன் செயலிக் கடையில் அதைக் கட்டாயமாக்கியது உண்மை. ஆனால் 5 சதவீதம் என்பது விலையா? ஒரு ரூபாய் ஷாம்பு சாஷேயில்கூட எம்.ஆர்.பி. அச்சிட்டிருக்கிறது, எத்தனை மில்லி என்று அச்சிட்டிருக்கிறது. அதற்குப் பதில் “இந்த சாஷேயைக் கிழித்தால் 5 சதவீத வாய்ப்பில் ஷாம்பு இருக்கும்” என்று போட்டால் நுகர்வோர் மன்றத்தில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாய்ப்பிலிருந்து செட்டின் விலைக்குப் போக இடையில் கொஞ்சம் நிகழ்தகவுக் கணக்கு இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பையனிடம் அந்தக் கணக்கைத் தள்ளிவிட்டுத் “தகவல் கொடுத்தாயிற்று” என்று கை கட்டிக்கொள்கிறார்கள்.

அந்தத் தகவலைக் கொடுக்கவும் எவ்வளவு மனமில்லை என்பதற்குச் சீனாவில் பிளிஸார்ட் செய்த வேலை தனி ரகம். பாக்கெட்டை விற்றால்தானே விதி பொருந்தும்? ஆகவே அங்கே இனி தூள் விற்கிறோம், தூள் வாங்குகிறவர்களுக்குப் பாக்கெட் அன்பளிப்பு என்று மாற்றிவிட்டார்கள். தென்கொரியாவில் நெக்ஸான் நிறுவனம் மேப்பிள்ஸ்டோரி விளையாட்டில் சில விகிதங்களைச் சொல்லாமலே குறைத்ததற்காக 2024 ஜனவரியில் 1,160 கோடி வோன் அபராதம் கட்ட நேர்ந்தது. ஆசைப்பட்டவர்கள் துரத்திய சில சேர்க்கைகளின் வாய்ப்பு பூஜ்யமாகவே இருந்தது. அமெரிக்காவில் கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டின் நிறுவனத்தார் 2025 ஜனவரியில் 2 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்ட வழக்கில், ஒரு காசை இன்னொரு காசாக, அதை வேறொரு கல்லாக மாற்றி மாற்றிக் கடைசியில் எத்தனை டாலர் போனது என்றே தெரியாமல் செய்வதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று.

கம்பெனி எப்படிப் பிழைக்கும்? இந்த வாதத்துக்கு மட்டும் நான் மரியாதை கொடுப்பேன், ஏனென்றால் எதிர்த்தரப்பில் உண்மையான ஒரு சவம் கிடக்கிறது. ரயட் நிறுவனத்தின் லெஜெண்ட்ஸ் ஆஃப் ருனெடெரா 2020-இல் வந்தது. காசு கொடுத்துப் பிரிக்கும் பாக்கெட்டே கிடையாது. வேண்டிய கார்டை நேரே வாங்கலாம். பாராட்டாதவர் இல்லை. 2024 ஜனவரியில், செலவுக்கேற்ற வருமானம் இல்லை என்று சொல்லி ரயட் அந்தக் குழுவைச் சுருக்கிவிட்டது. பார்த்தாயா என்கிறார்கள். பார்த்தேன். ருனெடெரா விலையைச் சொன்னதால் சாகவில்லை. விளையாடுகிறவன் செலவழிக்கத் தேவையே இல்லாத அளவுக்குச் சும்மா கொடுத்ததால் நலிந்தது என்றே நான் படிக்கிறேன். சும்மா கொடுப்பதற்கும் விலை சொல்லி விற்பதற்கும் இடையே பெரிய தெருவே இருக்கிறது. ஃபேன்டஸி ஃப்ளைட் நிறுவனம் காகிதத்தில் ஆர்க்கம் ஹாரர் கார்டு விளையாட்டை 2016-இலிருந்து அந்தத் தெருவில்தான் விற்கிறது. ஒவ்வொரு பெட்டியிலும் அதே கார்டுகள், முன்கூட்டியே தெரிந்த விலை.

வெளியூர் உதாரணம் எதற்கு? பிளிஸார்டே செய்து காட்டியிருக்கிறது. 2021 ஜனவரியில் ‘டார்க்மூன் ரேஸஸ்’ என்று 35 வகைக் கார்டுகள் கொண்ட ஒரு குட்டி செட்டை ஹார்த்ஸ்டோனில் விட்டார்கள். பாக்கெட்டைப் பிரித்தும் தேடலாம், இல்லையென்றால் 14.99 டாலர், முழு செட்டும் கையில். 4 லெஜெண்டரி உட்பட 66 கார்டு. அவற்றைத் தூள் கொடுத்து உருவாக்கினால் 11,280 ஆகும். உன்கோரோ செட்டை அதே மாதிரி உருவாக்கினால் 69,520 தூள். குட்டி செட்டின் விலையை அதே விகிதத்தில் பெருக்குங்கள். 92 டாலர்! நாம் முதலில் போட்ட கணக்கில் அது 350. அதே கம்பெனி, அதே விளையாட்டு, அதே தூள். விலை சொல்லி விற்கும்போது 92, சொல்லாமல் விற்கும்போது ஏறக்குறைய நாலு மடங்கு. குட்டி செட்டுகள் அதற்குப் பிறகும் தொடர்ந்து வந்தன; அவற்றால் பிளிஸார்ட் திவாலாகவில்லை.

இந்த விவாதம் முழுவதும் சூதாட்டமா இல்லையா என்ற சந்தில் போய் முட்டிக்கொண்டதில் கம்பெனிகளுக்குத்தான் லாபம். காசு கொடுத்துப் பிரிக்கும் இத்தகைய அதிர்ஷ்டப் பெட்டிகளைப் பெல்ஜியம் 2018-இல் சூதாட்டம் என்றது. நெதர்லாந்தில் இதற்காக இஏ நிறுவனத்துக்கு விதித்த ஒரு கோடி யூரோ அபராதத்தை 2022-இல் அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பிரிட்டன் அதே ஆண்டில் சட்டம் தேவையில்லை, கம்பெனிகளே பார்த்துக்கொள்ளட்டும் என்றது. நம் ஊரிலும் ஆன்லைன் ரம்மி வழக்கு திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியில்தான் போய் நின்றது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் திறமை என்றது. கார்டுப் பாக்கெட்டில் வென்றதைக் காசாக்க முடியாது, ஆகவே சூதாட்டம் இல்லை என்று ஒரு வக்கீல் எழுந்து சொன்னால் பாதி நாடுகளில் வழக்கு முடிந்தது. காசாக்க முடியாது என்பதுதான் விளையாடுகிறவனின் குறையே. அதையே கம்பெனி தன் தற்காப்பாக எடுத்து வைக்கிறது!

விலையைக் கேட்டால் இந்தத் தப்பிக்கும் வழி இல்லை. 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் அமைப்புகள் விளையாட்டுக் காசில் விற்கும் பொருளுக்கு உண்மைப் பண விலையும் காட்ட வேண்டும் என்று கொள்கை வகுத்திருக்கின்றன. அதற்கு அடுத்த படி செட்டின் விலை. ஒருவனுக்கு 250 பாக்கெட்டில் முடியும், இன்னொருவனுக்கு 350 ஆகும், எப்படிச் சொல்வது என்பார்கள். பத்தில் ஐந்து பேருக்கு இவ்வளவுக்குள் முடியும், ஒன்பது பேருக்கு இவ்வளவுக்குள் என்று இரண்டு எண் போதும். லட்சம் முறை பாக்கெட் பிரித்துப் பார்க்கும் நிரல் ஒன்றை எழுதுவது கல்லூரி மாணவனுக்கு ஒரு மாலை வேலை. அதைக் கடைப் பக்கத்தில் டாலரிலோ ரூபாயிலோ போட வேண்டும். பக்கத்திலேயே ஓர் உச்சவரம்பும் வேண்டும்: இந்தத் தொகையைத் தாண்டினால் மிச்சக் கார்டுகளை நாங்களே தருகிறோம் என்று. இதுவும் புதிதல்ல. 40 பாக்கெட்டுக்குள் ஒரு லெஜெண்டரி நிச்சயம் என்ற ஏற்பாடு ஹார்த்ஸ்டோனில் நெடுங்காலமாக இருக்கிறது. போகிமான் விளையாட்டில் பாக்கெட்டுக்கு 5 பாயிண்ட், 2,500 சேர்ந்தால் கிடைப்பதற்கே அரிதான கிரீடக் கார்டை நேரே எடுத்துக்கொள்ளலாம். அதாவது 500 பாக்கெட் என்று ஒரு கூரை போட்டிருக்கிறார்கள். ஒற்றைக் கார்டுக்குப் போட முடிந்த கூரையைச் செட்டுக்கும் போடலாம். எந்த உயரத்தில் என்பதை அவர்களே முடிவுசெய்யட்டும். 350 டாலர் என்று எழுதினாலும் எனக்குச் சம்மதமே.